கடல் தாண்டி வந்த அறுநூறு பேர்

முன்னொரு காலத்தில், பேர் தெரியாத ஒரு ராச்சியத்தில், பூவாயி என்கிற பெண் “சரிங்க மகாராசா” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

பதினாறு வயது. அப்பா இறந்து ஆறு மாதம். அவர் பார்த்த விகடகவி வேலை அவளுக்கு வந்திருந்தது. அந்த வேலை இருக்கிறவரைக்கும்தான் அரண்மனை மதிலுக்குள் வீடு. வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும்.

நடந்தது இதுதான். அன்று காலை கடல் தாண்டி ஒரு வெள்ளைக்காரக் கப்பல்தலைவர் சபைக்கு வந்தார். அவர் பேசிய இங்கிலீஷில் ஆறு வந்தாலும் ‘ரன்’, கடை வந்தாலும் ‘ரன்’, கப்பல் வந்தாலும் ‘ரன்’. மன்னர் வீரகேசரிக்கு வியப்புத் தாங்கவில்லை.

“ராயரே, அந்த ஒத்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தமய்யா?”

நாட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள், சபையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி நரசிங்கராயர்தான். மீசையைத் தடவிக்கொண்டார். “அறுநூறு மகாராசா. அத்தனையும் எனக்கு அத்துப்படி.” சொல்லிவிட்டுப் பூவாயியைப் பார்த்துக் கோணலாகச் சிரித்தார். விகடகவி வேலையில் தன் மைத்துனனை உட்கார்த்த அவர் ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். “நம்ம பூவாயிதான் பெரிய கெட்டிக்காரியாச்சே. அறுநூறையும் இன்னிக்கே சபையில கொண்டாந்து நிறுத்தச் சொல்லுங்களேன்.”

மன்னருக்கு ஆசை வந்துவிட்டால் அவ்வளவுதான். “கொண்டா பூவாயி! பொழுது சாயறதுக்குள்ள கொண்டா. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிடு.”

அதற்குத்தான் அந்தப் பாழாய்ப்போன “சரிங்க.”

இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது. எதிரே கப்பல்தலைவர், காலையில் மன்னர் கொடுத்த வெற்றிலையைத் தின்பதா, தொப்பியில் செருகுவதா என்று புரியாமல் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பூவாயிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அந்த ராச்சியத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடல் தாண்டி யார் வந்தாலும் கட்டியக்காரன் கூவி அழைக்கவேண்டும். துபாஷி எழுந்து நின்று, வந்தவர் யார் என்று சொல்லவேண்டும். மன்னர் தன் கையால் வெற்றிலை வைக்கவேண்டும். வந்தவர் அத்தனை பேருக்கும் வைத்து முடிக்கிறவரை மன்னர் அவையை விட்டுப் போகவும் கூடாது, சாப்பிடவும் கூடாது.

பூவாயி வாசல்வரை போய்த் திரும்பினாள். “மகாராசா, அறுநூறு பேரும் வந்துட்டாங்க.”

“எங்கே? ஒருத்தரையும் காணோமே!”

“அர்த்தம் கண்ணுக்குத் தெரியுங்களா? காதுக்குத்தான் தெரியும். கடல் தாண்டி வந்த விருந்தாளிங்க, முறைப்படி வரவேத்துருவோம். ராயரே, எந்திரிங்க.”

“நானா?” என்றார் ராயர்.

“வேற யாரு? அதானே வழக்கம்” என்றார் மன்னர்.

கட்டியக்காரன் தொண்டையைச் செருமினான். “கடல் கடந்து வந்த முதலாம் அர்த்தம் வருகிறார், பராக்!”

“ஓடறது” என்றார் ராயர். காலி இருக்கையில் மன்னர் ஒரு வெற்றிலை வைத்தார்.

இரண்டாவது, ஆறு பாய்கிறது. மூன்றாவது, கடை நடத்துகிறது. நான்காவது, மூக்கு ஒழுகுகிறது. மன்னர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதற்கும் வெற்றிலை வைத்தார். “அந்தாளுக்கு ஒரு துண்டும் குடுங்கப்பா.”

துணியில் சாயம் போவது வந்தது. மெழுகு உருகி வழிவது வந்தது. பதினொன்றாவது வந்தபோது மடைப்பள்ளியிலிருந்து கத்தரிக்காய் வதக்கும் மணமும் வந்தது. மன்னரின் வயிறு உறுமியது. சபையோர் கேட்காததுபோல் கூரையைப் பார்த்தார்கள். பத்தொன்பதாவது ஆள் உட்கார்ந்தார்.

“இருபதாம் அர்த்தம் வருகிறார், பராக்!”

ராயர் வாயைத் திறந்தார், மூடினார். கட்டியக்காரன் இன்னொரு முறை கூவினான்.

“வெயில்ல இன்னும் ஐந்நூத்தி எண்பத்தொரு பேர் நிக்கறாங்க ராயரே” என்றாள் பூவாயி.

“யோவ், நிசமா உமக்கு எத்தனைதான் தெரியும்?” பசியில் மன்னரின் குரல் ஏறிவிட்டது.

“பத்தொம்பது மகாராசா. அறுநூறுங்கறது... துறைமுகத்துல யாரோ சொன்னாங்க.”

மன்னர் முதலில் முறைத்தார். பிறகு கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். “இப்ப நான் சாப்பிடப் போலாமா, தாயே?”

“தாராளமா போங்க மகாராசா. யாருன்னே தெரியாதவங்களுக்கு வெத்தலை வெக்கிறது நம்ம வழக்கமில்லையே.”

மன்னர் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். “வீடு இனி உங்களுக்கே சொந்தம். வேலை இருந்தாலும் இல்லாட்டியும்.” பூவாயி மாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆனால் மன்னர் முடிக்கவில்லை. “இன்னொண்ணு. இனிமே ராயர் மொழிபெயர்க்கறப்ப நீ பக்கத்துலயே நில்லு. அவர் சொல்றது நிசமா, புளுகான்னு நீதான் எனக்குச் சொல்லணும்.”

அதற்குள் கப்பல்தலைவர் எழுந்து வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, அவளுக்குக் குனிந்து வணக்கம் வைத்து, நீளமாக ஏதோ கேட்டார். அதில் மூன்று தடவை வந்த ‘ரன்’ மட்டும்தான் பூவாயிக்குப் பிடிபட்டது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார்.

ராயர் கையைக் கட்டிக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மன்னர் ஆசையாக முன்னால் சாய்ந்தார். “என்னம்மா கேக்கறார்?”