லாக் புக்கில் ஏறாத கால் சுத்து

உட்கார்ந்தாயிற்றா? பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம். இது நிம்மதியாகச் சொல்லக்கூடிய கதை அல்ல.

கடலோரத்தில் ஒரு ரசாயன ஆலை. அங்கே மூன்றாம் எண் ரியாக்டர், அதாவது சாயப்பொருள் வேகிற பெரிய மூடிய இரும்புப் பானை. உள்ளே இருக்கும் கலவைக்குப் பொல்லாத குணம். தன் சூட்டில் தானே ஏறும்; ஏற ஆரம்பித்துவிட்டால், சுற்றியிருக்கும் குழாயில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் ஒழிய இறங்கவே இறங்காது. அசட்டையாக இருந்தால் மூடி பறக்கும். பக்கத்தில் நிற்கிற ஆளின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரையும் இஷ்டத்துக்குத் திறக்கக்கூடாது. சீக்கிரம் குளிர்ந்தால் சாயம் மங்கிவிடுமாம். அதனால் 'எழுபத்தைந்து டிகிரிக்கு முன் வால்வைத் தொடாதே' என்று மேனேஜர் கோதண்டபாணி ஒரு விதி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கதவிலேயே மாட்டியிருந்தார். மனுஷர் சும்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அல்ல. இருபது வருஷம் அதே ரியாக்டரில் நின்று வெந்தவர்.

அந்த ஆலைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஷாகிரா என்கிற ஆராய்ச்சி மாணவி ஒரு சென்சார் கொண்டுவந்தாள். ஆலையின் பழைய வெப்பமானி சூட்டை உணர்ந்து சொல்வதற்குள் விடிந்துவிடும். இவளுடைய சென்சாரோ கலவைக்குள்ளேயே இருந்துகொண்டு, அது கட்டுமீறப் போவதைப் பத்து நிமிஷம் முன்னதாகவே சொல்லிவிடும். சொல்லும் என்பது அவள் கட்சி. மூன்று வருஷ உழைப்பு, பாவம்.

பல்கலைக்கழகமும் ஆலையும் தொண்ணூறு நாள் சோதனைக்கு ஒப்பந்தம் போட்டன. எச்சரிக்கை தனி அறையில் ஷாகிராவின் திரையில் மட்டும் வரும், ஆபரேட்டருக்குத் தெரியக்கூடாது. எச்சரித்த பிறகு சூடு எழுபத்தைந்தைத் தாண்டினால் சென்சார் சொன்னது மெய். தாண்டாவிட்டால் பொய். தேறினால் சென்சார் ரியாக்டரிலேயே நிரந்தரமாக இருக்கும். தேறாவிட்டால் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஆறு முறை எச்சரித்தது. ஆறு முறையும் சூடு எழுபத்துமூன்று வரை ஏறியது, பிறகு சமர்த்தாக இறங்கிவிட்டது. ஷாகிராவுக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எங்கே பிசகு என்று பிடிபடவில்லை.

ஏழாவது எச்சரிக்கை ஒரு மத்தியான ஷிப்டில் வந்தது. அவளால் உட்கார முடியவில்லை. ஒப்பந்தமாவது ஒன்றாவது என்று ரியாக்டருக்கே ஓடினாள். அங்கே ஆபரேட்டர் ஞானப்பிரகாசம் நின்றிருந்தார். அவர் கை வால்வின் மேல் இருந்தது.

"அண்ணா! இப்பவே தண்ணி திறக்கறீங்களா?"

"பானை இரும ஆரம்பிச்சுதும்மா. கால் சுத்து விட்டேன்."

"எழுபத்தஞ்சு ஆகலையே?"

"ஆகட்டும்னு நின்னா அது நம்ம பேச்சைக் கேக்குமா? ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அந்தச் சத்தம் வந்தா கை தானா வால்வுக்குப் போயிடும்."

"லாக் புக்ல எழுதலையே?"

"எழுதினா மூணாவது மெமோ. மூணாவது மெமோ வந்தா வேலை போச்சு. இன்னும் நாலு மாசம்தான்மா சர்வீஸ். வாயைத் திறந்துடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்ல மாட்டேன் அண்ணா" என்று சொல்லிவிட்டாள். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஏழு முறை ஊரைக் காப்பாற்றிய கை அது.

தொண்ணூறாம் நாள் கூட்டம் நடந்தது. ஏழு வரைபடங்களையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார் கோதண்டபாணி.

"ஏழு தடவை கத்திச்சு. ஏழு தடவையும் எழுபத்துமூணு வரைக்கும் ஏறிச்சு, தானா இறங்கிடுச்சு. பொய் சொல்ற மெஷினை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

ஷாகிராவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஞானப்பிரகாசத்தின் வேலை போகும். சொல்லாவிட்டால் சென்சார் போகும். நாலு மாதம் கழித்து அந்தக் காதும் ஓய்வு பெற்றுப் போகும், ரியாக்டர் மட்டும் இருக்கும். வாசலில் நின்ற ஞானப்பிரகாசம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பேனா மூடியைத் திறந்தார்.

கேட்டுக்கொண்டிருக்கும் புத்திசாலிகளே, அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் சொல்லுங்கள். இந்த மூவரில் இப்போது வாய் திறந்தாக வேண்டியவர் யார்?

விடை: ஷாகிரா என்பீர்கள், ஞானப்பிரகாசம் என்பீர்கள். அவர் மறைத்தது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்தியை வாக்கு கட்டியிருக்கிறது, இன்னொருவரைப் பயம் கட்டியிருக்கிறது. மூன்றாவது ஆளை எது கட்டியிருக்கிறது? 'தானா இறங்கிடுச்சு' என்றாரே, தண்ணீர் விடாமல் அந்தக் கலவை இறங்காது என்பது இருபது வருஷம் அங்கே நின்றவருக்குத் தெரியாதா? முதல் வரைபடத்தைப் பார்த்த உடனேயே தெரிந்திருக்கும். யாரோ முன்கூட்டியே திறக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால், எழுபத்தைந்து வரை காத்திருந்தால் கைமீறிவிடும், தான் எழுதிய விதி தப்பு என்று ஆகிவிடும். அதற்காகத்தான் சென்சாரைப் பொய் ஆக்குகிறார். வாய் திறக்க வேண்டியவர் கோதண்டபாணி. அவர் திறக்கமாட்டார் என்பதுதான் என் பயம். ஞானப்பிரகாசத்தின் இடத்துக்கு வரப்போகிறவர் தங்கமான மனிதர். விதியை ஒருநாளும் மீறமாட்டார்.