தலைவர் ஒளித்த டப்பா

கோவைப் பூங்கா ஒன்றில் புதையல் தேடிகள் சங்கம் கூடியது. ஒருவர் டப்பாவை ஒளித்து வைப்பார். மற்றவர்கள் போன் காட்டும் வழியில் தேடிப்போய், அதற்குள் இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

தலைவர் சச்சிதானந்தம் மைக்கைப் பிடித்தார். "நான் ஒளிச்ச டப்பாவை மூணு வருஷமா ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியலை!"

பூங்காவைக் கூட்டும் ராமாத்தா, "சாப்பிட்ட தட்டுகளையெல்லாம் குப்பைத் தொட்டியில போடச் சொல்லுங்க சார்" என்றாள்.

தலைவருக்குச் சுருக்கென்றது. "போன் இல்லாம என் டப்பாவைக் கண்டுபிடிம்மா. நானே பூங்காவைக் கூட்டறேன். முடியலைன்னா இனி வாயைத் திறக்கக் கூடாது."

ராமாத்தா யோசித்தாள். "நேத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் குப்பை வண்டியில போட்டனுங்க. அதுங்களா சார்?"

தலைவர் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். ராமாத்தாவும் சங்கமும் பின்னாலேயே ஓடினார்கள். மூங்கில் புதருக்குப் பின்னால், உடைந்த குழாய்க்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தார். "அப்பாடா, இருக்கு!"

ராமாத்தா நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"இது போங்காட்டம்!" என்று கத்தினார் தலைவர்.

"போன் இல்லாமத்தானுங்க சார் கண்டுபிடிச்சேன்" என்று துடைப்பத்தை நீட்டினாள்.

தட்டுகளைத் தலைவர் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் கண்ணெதிரேயே கிடந்தன.