கயிற்றைக் கழற்றி எறிந்த கலைமான்

கடல் நடுவே ஒரு பசுந்தீவில் மான்கள் வாழ்ந்தன. ஆட்சியோ, அக்கரையில் இருந்த சிங்கத்தினுடையது. சிங்கம் தன் பிடரிமயிரைத் திரித்து ஒரு கயிறு கொடுத்திருந்தது. அதைக் கழுத்தில் அணிந்த மான், சிங்கத்தின் பெயரால் தீவை ஆளும்.

ஒருமுறை தலைவர் பெருங்கோடனைச் சிங்கம் விசாரணைக்கு அழைத்தது. அவர் கயிற்றை மகன் செவ்வரியனின் கழுத்தில் மாட்டிவிட்டு, நீந்திக் கடல் கடந்தார்.

பத்தாம் நாள் நரி ஒன்று அழுதுகொண்டே சபைக்குள் ஓடிவந்தது. நரிகள் அழுமா என்று விலங்கு நூல்கள் சொல்லவில்லை, இது அழுதது.

"இளவரசே! சிங்கம் உங்கள் அப்பாவைக் கொன்றுவிட்டது!"

அமைச்சரான நீர்நாய் மெல்லச் சொன்னது: "ஒரு கடற்பறவையை அனுப்பிக் கேட்போம். இரண்டே நாள் பொறுங்கள்."

"இரண்டு நாளா?" என்று சீறினார் சித்தப்பா மான். "மகனே, உனக்குக் கொம்பு எதற்கு? குருவி கூடு கட்டவா?"

சபை சிரித்தது. செவ்வரியனின் காதுகள் சுட்டன. அப்பாவுக்காக அழுவதா, சிரிப்புக்குப் பதில் சொல்வதா? செவ்வரியன் கயிற்றைக் கழற்றி எறிந்து குளம்பால் மிதித்தான்.

"இனி நான் சிங்கத்தின் ஆள் இல்லை, அதன் எதிரி!"

அன்றே தீவின் கரையில் இருந்த சிங்கத்தின் ஓநாய்க் காவலர்களை மான்கள் முட்டி விரட்டின. ஐந்து நாள் ஒரே கொண்டாட்டம்.

ஆறாம் நாள், யாரும் அனுப்பாமலே ஒரு கடற்பறவை வந்தது.

"உங்கள் அப்பா நன்றாகத்தான் இருந்தார். குற்றமில்லை என்று சிங்கமே விடைகொடுத்தது. ஊர் திரும்பக் கரையில் அலை தணியக் காத்திருந்தார். அப்போதுதான் நீங்கள் கயிற்றை மிதித்த செய்தி வந்தது. சிங்கம் அவரைத் திரும்ப இழுத்துவரச் சொன்னது."

"பிறகு?"

"'என் மகன் காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டான்' என்று கடைசிவரை வாதாடினார். 'என்ன காரணம்?' என்று சிங்கம் கேட்டது. அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகுதான் சிங்கம் அவரைக் கொன்றது."

நரியைப் பிடித்து உலுக்கினார்கள். அதுவும் யாரோ சொல்லக் கேட்டதாம். சித்தப்பா குனிந்து புல்லை மேய ஆரம்பித்தார்.

விஷயம் அறியாத மந்தை வெளியே, "செவ்வரியன் வாழ்க!" என்று கூவியது. செவ்வரியனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

உண்மையா என்று விசாரிக்காமல், பிறர் சிரிப்புக்கு அஞ்சிக் காட்டும் வீரம், யாருக்காகக் கிளம்பியதோ அவரையே முதலில் கொல்லும்.