மூன்றாம் முறைதான் பலிக்கும்

ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுவோம். அங்கே மாசிலாமணி என்று ஓர் அறிஞர் இருந்தார். அறிஞர் என்பது அவரே சொன்னது. தெய்வசிகாமணி, ஆலாலசுந்தரம் என்று இரண்டு சீடர்கள். மாயாஜாலக் கதைகளை எப்படி எழுதுகிறார்கள் என்று மூவரும் எட்டு வருஷம் ஆராய்ந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கதைகளில் ‘அப்புறம்’ எத்தனை, ‘ஐயோ’ எத்தனை என்று எண்ணி, கடைசியில் ஒரு விதியைக் கண்டுபிடித்தார்கள்: முதல் இரண்டு முயற்சியும் தோற்கும்; மூன்றாவதுதான் பலிக்கும்.

அன்றிலிருந்து விதிப்படிதான் வாழ்க்கை; ஊரெல்லாம் அதைச் சொல்லியும் திரிந்தார்கள். இரண்டு பேருந்தை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுவார்கள். ஊருக்கு வருவதே நாளுக்கு இரண்டு. அதனால் கல்யாணத்துக்குப் போனால் பந்தல் பிரிக்கிற நேரத்தில்தான் போய்ச் சேர்வார்கள்.

ஒரு நாள் மாசிலாமணி ஆராய்ச்சி நோட்டைப் படித்துக்கொண்டே நடந்து, தோட்டத்துக் கிணற்றில் விழுந்தார். நோட்டை மட்டும் எப்படியோ மேலே எறிந்துவிட்டார். கழுத்தளவு தண்ணீர். மோட்டார் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நீச்சல் தெரியாது.

“கயிறு போடுங்கடா!”

சீடர்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள்.

“ஐயா, இது முதல் முயற்சி. தோக்கணுமே?” என்றான் தெய்வசிகாமணி.

மாசிலாமணி குளிரிலும் பூரித்துப்போனார். “ஆமாம்ல! முறையாத் தோத்துடுங்க.”

அவர்கள் ஒரு நுனியையும் பிடித்துக்கொள்ளாமல் கயிற்றை மொத்தமாகக் கிணற்றில் போட்டார்கள். அது மூழ்கிப்போனது. மூவருக்கும் பரம திருப்தி. வேறு கயிறு இல்லாததால், இரண்டாவது முறை எப்படித் தோற்பது என்று சீடர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

அந்த வழியாக ஆடு ஓட்டி வந்த நல்லம்மா எட்டிப் பார்த்தாள். ஆடு கட்டும் கயிற்றை உள்ளே விட்டு, தம் பிடித்து ஒரே இழுப்பில் அவரைக் கரையேற்றினாள்.

மாசிலாமணிக்கு உயிர் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கும்பிடக் கையைத் தூக்கியபோது ஆலாலசுந்தரம் குரல் கேட்டது.

“ஐயா, ரெண்டாவதே பலிச்சிடுச்சே!”

தூக்கிய கை அப்படியே நின்றது. எட்டு வருஷம்! நானூற்றுப் பன்னிரண்டு கதை!

“உசுரோட வந்துட்டீங்கல்ல வாத்தியாரே, அது போதாதா?” என்றாள் நல்லம்மா.

அவர் நோட்டைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தொபுக்கென்று குதித்தார்.

“ரெண்டாவதும் தோத்தாச்சு! கயிறு விடும்மா, இது மூணாவது!” என்று உள்ளேயிருந்து கத்தினார்.

நல்லம்மா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். “மூணாவது உங்களுக்கு. உங்களைத் தூக்கி நான் ஒரு தடவைதானே தோத்திருக்கேன்? சாயங்காலம் வந்து இன்னொரு தடவை தோத்துட்டுப் போறேன். காலையில தூக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு நடந்தாள்.

கிணற்றுக்குள்ளிருந்து சந்தோஷக் குரல் வந்தது. “எழுதிக்கோங்கடா! ஆடு மேய்க்கிற அம்மாவுக்கே நம்ம விதி புரிஞ்சுபோச்சு!”