அரையிறுதித் தாளில் ஒரு கையெழுத்து

"எவனோ ஒருத்தன் அந்தப் பிள்ளை வாயில மண்ணள்ளிப் போட்டுட்டான், மேடம். அவன் விளங்குவானா?"

கஸ்பார் உடற்கல்வி அறைக்குள் நின்று கத்திய கத்தலில், மைதானத்தில் கோல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு அவன் மேலாளர். மீன் ஏலத்தில் வாய் வளர்த்து மேலே வந்தவன். வேன்காரனோ ஓட்டல்காரனோ, அவனிடம் சிக்கினால் சொன்ன விலை நிற்காது. பந்தாட்டம் மட்டும் பயிற்சியாளர் பிளாரன்ஸிடம் கற்றது. அவரைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அவர் சொல்லாமல் அவர் முன்னால் உட்கார மாட்டான்.

இந்த வருடத்து ஆட்டங்கள் முடிந்து, பல்கலைக்கழகத்தின் சிறந்த பதினொருவர் பட்டியல் வந்திருந்தது. இந்த அணியில் மூன்று பேருக்கு இடம். ஜெனிஷாவுக்கு இல்லை. பத்து கோலுக்குக் குறைந்தால் முன்வரிசைக்கு எடுப்பதில்லை.

இறுதி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்து படுத்தவள் அவள். இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டியலில் பேர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு மனுப் போடலாம். அது ஒன்றுதான் மிச்சம்.

"பதினோரு கோல் போட்டிருக்கா. எட்டுன்னு எழுதி வச்சிருக்கானுவ. மூணை எவன் தின்னான்?"

"எந்த மூணு?"

"அரையிறுதியில போட்டது. புருவம் கிழிஞ்சு ரத்தத்தோட நின்னாளே!"

"ரத்தம் பட்ட சட்டையோட நடுவர் ஆட விட்டாரா?"

"எங்க விட்டான்? பையில ஷைனி சட்டை கெடந்துச்சு, அதைக் குடுத்தோம். பதினேழாம் நம்பர்."

"ஷைனி?"

"அவ காய்ச்சல்ல விடுதியில கெடந்தா. ஆட்டத் தாள்ல பேரு மட்டும் இருந்துச்சு."

பிளாரன்ஸ் மேசைமேல் எழுதித் தயாராக இருந்த ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க. பொறவு பேசுவோம்."

கஸ்பார் பேனாவை உருவி நின்றபடியே போட்டான்.

"தேர்வுக் குழுவுல எவனோ வேண்டப்பட்டவளுக்கு இடம் புடிச்சிருக்கான், மேடம். அவன் சட்டையைப் புடிக்காம விடப்போறதில்ல."

"இப்ப எதுல கையெழுத்து போட்டிய?"

"நீங்க நீட்டினிய. போட்டேன்."

"வாசிங்க."

வாசித்தான். நாலே வரி. ஜெனிஷா சட்டை மாற்றிப் பதினேழாம் எண்ணில் ஆடியதை மேலாளராகிய நான் நடுவரிடம் அறிவிக்கவில்லை. அவள் போட்ட மூன்று கோல்கள் ஷைனி பேரில் ஏறிய தாளை வாசிக்காமல் ஒப்பமிட்டேன்.

அன்றைக்கு நடுவர் தாளை நீட்டியபோது அவன் போனில் பதினெட்டுப் பேருக்குப் பிரியாணி விலை பேசிக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பத்து ரூபாய் குறைந்தது. அந்தச் சிரிப்போடு போட்ட கையெழுத்து.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"இதைக் குடுத்தா ரெண்டு வருசம் என்னைய மைதானத்துக்குள்ள விட மாட்டானுவ."

"ஆமா."

"எழுத்துப் பிழைன்னு, பேர் போடாம ஒரு மனு குடுத்தா?"

"அந்தத் தாள்ல உங்க கையெழுத்துதான் இருக்கு."

"நீங்க போன்ல ஒரு வார்த்தை..."

"நான் ஒப்பம் போடலை."

"சரி, குடுத்தா அவளுக்கு இடம் கெடச்சிருமா?"

"தெரியாது. பல்கலைக்கழகத்துல திருத்த மனு வாங்குறது இன்னைக்கு நாலு மணி வரைக்கும்."

கஸ்பார் தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

பிளாரன்ஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"மணி ரெண்டரை ஆச்சு, கஸ்பார். யாரையோ ஏசிக்கிட்டு வந்தியளே, அந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய் அங்க நிறுத்துங்க. அவன் வாயால சொல்லட்டும். இன்னைக்காவது தான் செஞ்சதைச் சரி பண்ணச் சொல்லுங்க."