சகலையோட கோல்டு கார்டு

சகலைன்னு ஒருத்தன் வாச்சுட்டா மனுசனுக்கு வேற வியாதியே வேணாம். சிமெண்டு வியாபாரி தனுஷ்கோடிக்கு வாச்சவன் கையில பிளேன் கம்பெனி குடுத்த கோல்டு கார்டு. ஏர்போர்ட்ல ஊரே வரிசையில நிக்கும்போது, "மெதுவா வாங்க சகலை"ன்னு கையாட்டிட்டு முதல்ல போயிடுவான்.

தனுஷ்கோடிக்கு வயிறு எரிஞ்சுது. குறுக்குவழி ஒண்ணு கண்டுபிடிச்சாரு. தூரம் கணக்கில்ல, வருசத்துக்குள்ள இத்தனை தடவை ஏறி எறங்கினா கார்டு. சென்னையிலேருந்து தூத்துக்குடிக்கு டிக்கெட்டாப் போட்டுத் தள்ளினாரு. போவாரு, எறங்குவாரு, அதே பிளேன்ல திரும்புவாரு.

அவரோட குரு வம்புச்சாமி பல்லாவரத்துல ஒரு மொட்டைமாடிக் கொட்டாயில இருந்தாரு. வயசுல தனுஷ்கோடிக்குச் சின்னவரு. வாய்ல பெரியவரு.

"சாமி, நாளையோட வருசம் முடியுது. கடைசி நடை. ஒரு தடவை போய்ட்டு வந்துட்டா கார்டு நம்மளது. ஆசீர்வாதம் பண்ணுங்க."

"பண்றேன். தூத்துக்குடி மக்ரூன் எங்க?"

"ஏர்போர்ட் வாசலைத் தாண்டினதே இல்லையே சாமி."

"இத்தனை தடவை போயுமா?"

"ஆமா சாமி."

சாமி வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. "நாளைக்கு மக்ரூன் இல்லாம இந்தப் படி ஏறாத."

குரு வாக்காச்சே. மறுநாள் எறங்கினதும் ஆட்டோ புடிச்சு ஊருக்குள்ள ஓடினாரு. ரெண்டு கிலோ வாங்கினாரு. ஒண்ணை வாயில போட்டாரு, கரைஞ்சுது. இன்னொண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. திரும்பி வந்தா, அவரோட பிளேன் தலைக்கு மேல போவுது.

அடுத்த நாள் காலையில கசங்கின சட்டையோட படியேறி வந்தாரு.

"கார்டு?"

"போச்சு சாமி. ரயில்ல, அன்ரிசர்வுல வந்தேன்."

"போச்சுங்கிற, மூஞ்சி என்னடா இப்படிச் சிரிக்குது? டப்பாவைக் குடு." தெறந்தாரு. அடியில நாலே நாலு. "ரெண்டு கிலோ எங்கடா?"

"கால் வைக்க எடமில்ல சாமி. ஒரு அம்மா புள்ளைய மடியில தூக்கி வெச்சுக்கிட்டு, 'உக்காருங்கண்ணே'ன்னுச்சு. புள்ளைக்கு ஒண்ணு குடுத்தேன். எதுத்த சீட்டுக்காரரு பார்த்தாரு. அவருக்கும். அப்புறம் அவுங்க புளிசாதத்தைப் பிரிச்சாங்க... கோவில்பட்டி தாண்டறதுக்குள்ள பெட்டியே நம்ம சொந்தக்காரங்க!"

"சட்டைப்பையில என்ன உப்பலா?"

"சகலைக்கு ஒண்ணு..."

சாமி ஒரு மக்ரூனை எடுத்து தனுஷ்கோடி வாயில திணிச்சாரு.

"அது சரி, எடம் குடுத்தாங்களே, எந்தக் கார்டைக் காட்டின?"