பெண்மானின் கொம்பு

செண்பகக்கோட்டையை ஆண்ட கேசரிராயருக்கு இரண்டு விஷயங்கள் அளவுக்கு மீறி இருந்தன. ஒன்று, மனைவி மேல் ஆசை. மற்றொன்று, காட்டைப் பற்றிய அறியாமை. இரண்டும் ஒருநாள் சபையில் கைகோத்துக்கொண்டன.

"காளத்தி ஆசாரி! அரசியின் பிறந்தநாளுக்கு உன் கையால் ஒரு கத்தி வேண்டும். மான்கொம்பில் பிடி போடு. ஆண்மான் கொம்பு வேண்டாம், அவள் கைக்கு முரடு. பெண்மான் கொம்பாகப் பார்த்துப் போடு."

சபையே உதட்டைக் கடித்துக்கொண்டது. காளத்தி கொல்லன், பாவம், சபை நாகரிகம் தெரியாதவன். கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான்.

"பொட்டை மானுக்கு ஏதுங்க மகாராஜா கொம்பு?"

ராயரின் முகம் சுருங்கியது. தளவாய் மல்லாண்டார் சட்டென்று எழுந்தார். காளத்தியின் பட்டறை இருக்கும் இடத்தில் தன் மச்சானுக்கு மாளிகை கட்ட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

"ஏன் இல்லை? போன வாரம் வேட்டையில் நானே என் கண்ணால் பார்த்தேன் மகாராஜா! இவன் சோம்பேறி, சாக்குச் சொல்கிறான்."

ராயருக்குத் தெம்பு வந்துவிட்டது. "கேட்டாயா? பிறந்தநாளன்று கத்தி வர வேண்டும். இல்லையென்றால் பட்டறையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விடு!"

காளத்தி அழாத குறையாக அரண்மனை ஓலை எழுதும் ஆவுடையப்பரிடம் ஓடினான். அவருக்கு ஓலை எழுதுவது உத்தியோகம், ஊரைக் கேலி செய்வது பொழுதுபோக்கு.

"போச்சுங்க சாமி! பொண்டாட்டி புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

"நீ வழக்கமாகப் பிடிக்கு எதைப் போடுவாய்?"

"கடமான் வருஷா வருஷம் கொம்ப உதுத்துட்டுப் போகும். காட்டுல கெடக்குறத எடுத்தாந்து போடுவேன்."

"அதையே போடு. மேலே மட்டும் நான் எழுதித் தருவதைச் செதுக்கிவிடு" என்று ஓர் ஓலை நறுக்கில் ஏதோ கிறுக்கிக் கொடுத்தார்.

காளத்தி இரும்பைச் சிவக்கக் காய்ச்சி அடித்தான், எண்ணெயில் தோய்த்தான், முகம் தெரியும்வரை தீட்டினான். கொம்பைத் துளைத்து, அரக்கை உருக்கி ஊற்றி, கத்தியின் வாலை அதில் இறக்கினான். ஓலையில் இருந்ததைப் பிடியில் செதுக்கி, அந்தப் பள்ளத்திலும் சிவப்பு அரக்கை நிரப்பினான்.

பிறந்தநாளன்று சபையில் கத்தியைப் பார்த்ததும் அரசி சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினாள். மல்லாண்டாருக்குப் பொறுக்கவில்லை.

"மோசடி! இது காட்டில் கிடந்த கடமான் கொம்பு. ஆண்மான் கொம்பு! பெண்மானுக்கு எங்கேயாவது கொம்பு உண்டா?"

"அடடே! அன்று வேட்டையில் பார்த்தீர்களே, அதற்குள் உதிர்ந்துவிட்டதா?" என்றார் ஆவுடையப்பர்.

சபை குலுங்கியது. ராயர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் நான் சொன்னதுதான் தப்பா?"

"யார் சொன்னது? பிடியில் இருப்பதைப் படியுங்கள், மகாராஜா."

"பெண்மான்."

"முதல் எழுத்தில் 'ப'வுக்கு முன்னால் சுழித்துக்கொண்டு நிற்கிறதே, அதற்குப் பெயர்?"

"கொம்பு!"

"தளவாயை 'ஆண்மான்' என்று எழுதச் சொல்லுங்கள்."

மல்லாண்டார் வெற்றிலைத் தட்டில் இருந்த சுண்ணாம்பைத் தொட்டுத் தரையில் எழுதினார். நிமிர்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"கால் இருக்கிறது, கொம்பைத்தான் காணோம்!" என்றார் ஆவுடையப்பர். "மகாராஜா, நீங்கள் எழுத்துப் பிசகாமல்தான் சொன்னீர்கள். பெண்மானுக்குத்தான் கொம்பு, ஆண்மானுக்குக் கிடையாது!"

ராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. "பட்டறை காளத்திக்கே! இன்று பொழுது சாயும்வரை அங்கே துருத்தி ஊதப்போவது தளவாய்!" என்று உத்தரவு போட்டார். தன் பட்டு உத்தரீயத்தை ஆவுடையப்பருக்கும், கைக்காப்பைக் காளத்திக்கும் கொடுத்தார்.

அரசி மெல்ல இறங்கி வந்து, தானும் சுண்ணாம்பைத் தொட்டுத் தரையில் எழுதினாள்.

"இங்கே பாருங்கள். 'ராஜா' என்று எழுதினேன், இரண்டு கால்தான் இருக்கிறது. 'பெண்டாட்டி' என்று எழுதினேன், எடுத்த எடுப்பிலேயே கொம்பு!"

ராயர் எழுத்தைப் பார்த்தார். அவள் கையில் இருந்த கத்தியைப் பார்த்தார்.

"சரிதான் தாயே!" என்று பெரிய கும்பிடாகப் போட்டார்.